சிறைக்குள் நோயாளி: கடற்கரை ஊர்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

தொண்டி: தம்பியை நேத்து ராத்திரி கைது பண்ணிட்டாங்க. தினமும் குடிக்கிறவன். ஏதும் ஆகுமா?

ஆகலாம் அண்ணே, இன்றே கவனியுங்கள். தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் சித்தம் கலங்கி, இல்லாததைக் கண்டு பிதற்றுவார். காவலர் அதை நடிப்பு என்று நினைத்துத் தனியறையில் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. கைதானவரை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 53). எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்று அந்த மருத்துவர் தரும் சீட்டில் எழுத வையுங்கள். டயசிபாம் மாதிரி மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் நேரத்துக்குக் கிடைத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

கீழக்கரை: அத்தாவுக்கு இன்சுலின். உள்ளே கெட்டுப் போகாதா?

திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில், சிறை மருத்துவமனை பிரிட்ஜில் இருக்க வேண்டும். திறந்தது பொதுவாக 28 நாள் தாங்கும், அதுவும் 30 டிகிரிக்குக் கீழே. மண்பானையை நம்பாதீர்கள், நம் கரைக் காற்றில் ஈரம் அதிகம், பானை அவ்வளவாகக் குளிராது. அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். சாயங்காலம் அறையைப் பூட்டும் முன்பே ராத்திரிச் சோறு வந்துவிடும். ஊசியைப் போட்டுவிட்டு சோற்றைப் பிறகு சாப்பிடலாம் என்று எடுத்து வைத்தால் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும். அப்போது கதவு பூட்டியிருக்கும். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிடச் சொல்லுங்கள். அறையில் 3 ஸ்பூன் சீனி வைத்துக்கொள்ள மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

பாம்பன்: மாமா ஜாமீனில் வர்றார். காசநோய் மாத்திரை 2 மாசம் முடிஞ்சது.

இன்னும் 4 மாதம் இருக்கிறது. சாயங்காலம் உத்தரவு வந்து வெறுங்கையோடு வெளியே வருவார். மாத்திரை உள்ளேயே கிடக்கும். அடுத்த முறை சிறையில் அவரைப் பார்க்கப் போகும்போதே நிக்ஷய் எண்ணை (காசநோயாளிக்கு அரசு தரும் பதிவு எண்) கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைக் காட்டி உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடரலாம்.

மண்டபம்: பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தும் வழிக்காவலுக்கு (கூடப் போக) போலீஸ் இல்லைன்னு தள்ளிப் போடுறாங்க.

இலவச சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மருத்துவர் எழுதிய தேதியைக் குறிப்பிட்டு நீதிமன்றத்தில் மனுப் போடச் சொல்லுங்கள். நோயைக் காரணம் காட்டி ஜாமீனும் கேட்கலாம் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 480).

தங்கச்சிமடம்: வீட்டுக்காரர் யாழ்ப்பாணச் சிறையில. பிரஷர் மாத்திரை படகோட போச்சு.

அம்மா, யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அவரைச் சந்திக்க அதற்கு உரிமை உண்டு. மீன்வளத் துறை அலுவலகம் வழியாக ஆங்கிலத்தில் மனு அனுப்புங்கள். கம்பெனிப் பெயர் மட்டும் எழுதினால் அங்கே கிடைக்காமல் போகலாம்; ‘அம்லோடிபின் 5 மில்லிகிராம், காலையில் ஒன்று’ என்பதுபோல மருந்தின் பொதுப்பெயர், அளவு, வேளை மூன்றும் வேண்டும். பழைய மருந்துச்சீட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.