எட்டு முறை தோற்றவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அமெரிக்காவில், ஓஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இங்கே செப்டம்பர் வந்துவிட்டால் சனிக்கிழமை என்பது கல்லூரி ஃபுட்பாலுக்கானது, அதாவது அமெரிக்கர்களின் ஃபுட்பால், நம் கால்பந்து அல்ல. நண்பர்கள் மூன்று பேரும் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவர் ஒருவரும் எங்கள் வீட்டில் கூடுவோம். அடுத்த வருடம் எந்தப் பள்ளிக்கூடப் பையன் எந்தக் கல்லூரிக்குப் போவான் என்று ஆரம்பிக்கும் பேச்சு, நம் கால்பந்துக்குத் தாவி, கடைசியில் பெரியவருக்குப் பிடித்த பழைய படங்களில் வந்து நிற்கும். போன வாரம் நடிகர் பீட்டர் ஓடூலை வைத்துச் சண்டையே வந்துவிட்டது. எட்டு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒரு முறைகூட ஜெயிக்காதவர், இது அநியாயம் என்றார் பெரியவர். "தோத்தா தோத்ததுதான், ஸ்கோர் மாதிரி. முடிஞ்சுபோனதைப் பேசி என்ன ஆகப்போகுது" என்றான் நண்பன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நடிப்புக்குக் கொடுக்கும் விருது ஸ்கோர் மாதிரிதானா? இதையெல்லாம் மாய்ந்து மாய்ந்து பேசுவதில் அர்த்தம் இருக்கிறதா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் உங்கள் நண்பர் நம்பும் ஸ்கோரையே கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

1954 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம். மேற்கு ஜெர்மனி 3, ஹங்கேரி 2. அந்த ஹங்கேரி நான்கு வருடமாகத் தோற்றதே இல்லை. அதே போட்டியின் முதல் சுற்றில் அதே ஜெர்மனியை 8-3 என்று அடித்திருந்தது. அன்று ஜெர்மனி முக்கிய ஆட்டக்காரர்கள் பலரை உட்காரவைத்திருந்தது உண்மைதான். ஆனால் அந்த ஆட்டத்தில்தான் ஹங்கேரி கேப்டன் புஷ்காஷுக்குக் கணுக்காலில் அடிபட்டது. முழுதாக ஆறாத காலோடு இறுதி ஆட்டத்தில் இறங்கினார், முதல் கோலும் அவர்தான் போட்டார். எட்டே நிமிடத்தில் 2-0. பிறகு ஜெர்மனி மூன்று போட்டது. முடிய சில நிமிடங்களே இருக்கும்போது புஷ்காஷ் மறுபடி பந்தை வலைக்குள் தள்ளினார். லைன்ஸ்மேனின் கொடி உயர்ந்தது. ஆஃப்சைடு, கோல் செல்லாது. எழுபது வருடம் கடந்தும் அந்தக் கொடியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஸ்கோரும் ஒரு மனிதர் தன் கண்ணால் பார்த்துச் சொன்னதுதான் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

அப்படியிருக்க, நீங்கள் பேசும் ரெக்ரூட்டிங், அதாவது கல்லூரி அணிகள் பள்ளிப் பையன்களைத் தேர்ந்தெடுப்பது, முழுக்க முழுக்கக் கண் சம்பந்தப்பட்ட வேலை. பதினேழு வயதுப் பையனைப் பார்த்து, இருபத்தொரு வயதில் இவன் எப்படி ஆடுவான் என்று சொல்லவேண்டும். உடம்பு வளர்வதை, மனசு உறுதிப்படுவதை யார் கணிக்க முடியும்? அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஆரன் ராட்ஜர்ஸ் பள்ளியை முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் உதவித்தொகையோடு அவரை அழைக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் பியூட் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்தார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் அந்தக் கல்லூரியின் வேறொரு ஆட்டக்காரரைக் கவனிக்கப்போய்த்தான் இவர் கண்ணில் பட்டார். 2011 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்க ஃபுட்பால் இறுதி ஆட்டத்தை வென்ற அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை வழிநடத்துபவர், அவர். அந்த ஆட்டத்தின் சிறந்த வீரரும் அவரே. இங்கிலாந்தில் கால்பந்து வீரர் ஜேமி வார்டியைப் பதினாறு வயதில் உயரம் போதாது என்று கிளப் அனுப்பிவிட்டது. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சின்னக் கிளப்புகளில் ஆடினார். 2012-இல் லெஸ்டர் கிளப் அவரை வாங்கியது. 2016-இல் லெஸ்டர் இங்கிலாந்தின் முதல்தரப் போட்டியான பிரீமியர் லீக்கை வென்றபோது அந்தப் பருவத்தில் அவர் போட்டிருந்த கோல்கள் 24.

இந்த இரண்டு தவறுகளும் திருத்தப்பட்டன, கவனித்தீர்களா? கணித்தவர் தவறினாலும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் உண்டு. பந்து இவன் காலில் எப்படி நிற்கிறது என்பதை யாரும் மறைத்துவிட முடியாது. தாமதமானாலும் மைதானம் சொல்லிவிடுகிறது.

நடிப்பு விருதுக்கு அந்த அடுத்த சனிக்கிழமை இல்லை. ஒரே ஒரு ராத்திரி, ஒரு உறை, ஒரு பெயர். யாருக்கு எத்தனை ஓட்டு என்பதை ஆஸ்கரைக் கொடுக்கும் அகாடமி வெளியிடுவதும் இல்லை. எட்டு தடவையும் ஓடூல் எத்தனை ஓட்டில் தோற்றார் என்று நமக்குத் தெரியாது.

முதல் தடவை 1962-ஆம் வருடப் படங்களுக்கான விருது. அவர் நடித்தது 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', வென்றவர் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தின் கிரகரி பெக். உங்கள் கடிதம் வந்தபிறகு இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் மறுபடி பார்த்தேன். ஓடூல் நடித்த லாரன்ஸுக்கு வெள்ளை அரபு உடை கிடைக்கிறது. பாலைவனத்தில் தனியாக நின்று குறுவாளை உருவி, அதன் பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறான், புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி. பின்னால் ஒரு படுகொலை முடிந்ததும் அதே குறுவாளில் மறுபடி முகத்தைப் பார்க்கிறான். இப்போது அதில் ரத்தம். இரண்டு பார்வைக்கும் நடுவே ஒரு மனிதன் பாழாகிவிட்டதை அந்தக் கண்கள் சொல்லிவிடுகின்றன.

மறுநாள் பெக். வழக்கில் தோற்ற வக்கீல் காலியான நீதிமன்றத்தில் காகிதங்களை அடுக்கிப் பையில் வைக்கிறார். மேலே மாடத்தில் கறுப்பின மக்கள் எழுந்து நிற்கிறார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு நடந்துபோகிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்த விருதை நான் பெக்கிடமிருந்து பிடுங்கமாட்டேன். உங்கள் பெரியவர் கோபித்துக்கொண்டாலும் சரி.

நான் சண்டைக்கு வருவது 1968-க்கு. 'தி லயன் இன் விண்டர்' படத்தில் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றி. நான்கு வருடம் முன்பு 'பெக்கெட்' படத்தில் அதே அரசனை இளைஞனாக நடித்து அதற்கும் பரிந்துரை பெற்றிருந்தார். இப்போது ஐம்பது வயது ஹென்றி. ஓடூலுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. தனக்கு எதிராகச் சதி செய்த மகன்களைப் பாதாளச் சிறையில் வைத்து, மூத்தவன் மேல் வாளை ஓங்குகிறார். கை இறங்கவில்லை. அரசன் ஓங்கிய வாள் அப்பாவின் கையில் நின்றுவிடுகிறது. இந்த இடத்தில் அவர் குரலை உயர்த்தவே இல்லை, முதுகு மட்டும் தளர்கிறது. விருது 'சார்லி' படத்துக்காக கிளிஃப் ராபர்ட்சனுக்குப் போனது. இது தவறு என்றே நான் நினைக்கிறேன். எதிரில் அரசியாக நடித்த கேத்தரின் ஹெப்பர்னுக்கு அந்த வருடம் விருது உண்டு, அதுவும் பார்பரா ஸ்ட்ரெய்சாண்டோடு சமமான ஓட்டு வாங்கி. அந்த நடிப்பைத் தாங்கி நின்ற எதிர் நடிப்புக்கு ஒன்றுமில்லை.

இந்தத் தவறை யார் திருத்துவது? மைதானம் கிடையாது. மறு ஆட்டம் கிடையாது. உங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஒரு பெரியவர் அநியாயம் என்று குரல் உயர்த்துகிறாரே, அதுதான் இருக்கிறது. அதனால்தான் அர்த்தம் இருக்கிறது என்று முதல் வரியிலேயே சொன்னேன். 1982-ஆம் வருட 'காந்தி' படத்துக்காக பென் கிங்ஸ்லி வென்றதில் நாமெல்லாம் பூரித்துப்போனோம். அன்று ஓடூல் ஏழாவது முறையாகத் தோற்றார் என்பது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் யாரோ இப்படிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு.

அகாடமி 2003-இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் அறிவித்தபோது, தான் இன்னும் ஆட்டத்தில்தான் இருப்பதாகவும், எண்பது வயதுவரை அதைத் தள்ளிவைக்க முடியுமா என்றும் கேட்டு ஓடூல் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு எழுபது. அவர்கள் கேட்கவில்லை, அவரும் வந்து வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. 2006-ஆம் வருட 'வீனஸ்' படத்துக்காக எட்டாவது முறையும் போட்டியில் நின்றார், தோற்றார்.

வரும் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அந்த வாள் காட்சியை நண்பருக்குப் போட்டுக் காட்டுங்கள். பெரியவரும் பக்கத்தில் இருக்கட்டும். நண்பர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்