கோழிக்குத் தண்ணீர்: மூடியில் துளை வேண்டுமா?

கேள்வி: பதினைந்து ஊர்க்கோழிகளுக்காக, மூடியுள்ள 20 லீற்றர் வாளியின் கீழே அரை இஞ்சிப் பைப் பொருத்தி ஐந்து நிப்பிள் (கோழி கொத்தினால் நீர் சொட்டும் சிறு ஊசிமுனை) போட்டோம். முதல் நாள் நன்றாக வந்தது. மறுநாள் வாளியில் நீர் இருந்தும் சொட்டுக்கூட இறங்கவில்லை. ஏன்?
(வாசகி, ஆரையம்பதி)

பதில்: முதலில் வாளி மூடியைத் திறந்து பாருங்கள். உடனே நீர் இறங்கினால் பிழை மூடியில்தான். கோழி குடிக்கக் குடிக்க நீர் குறையும். குறைந்த இடத்துக்குக் காற்று போக வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் தாழ்ந்து, நீர் அப்படியே நின்றுவிடும். மூடியில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டு, நுளம்பு புகாதபடி மேலே வலைத்துண்டு ஒட்டுங்கள்.

திறந்தும் வரவில்லையா? பைப் நடுவில் மேடாக வளைந்திருந்தால் அங்கே காற்று தங்கும், மட்டமாகக் கட்டுங்கள். கிணற்று நீரில் இரும்புக் கறை இருந்தால் நிப்பிள் ஊசி இறுகிவிடும். அந்த நீரை வேறு பாத்திரத்தில் இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் துணியால் வடித்து ஊற்றுங்கள். பைப்பின் கடைசி மூடியைப் பசை போட்டு ஒட்டவே வேண்டாம். வாரம் ஒருமுறை அதைக் கழற்றி நீரை ஓடவிட்டால் அடியில் படிந்த மண்டி வெளியேறும்.

நிப்பிளின் உயரமும் முக்கியம். கோழி நின்றபடி கழுத்தைச் சற்று மேலே நீட்டிக் குடிக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் பக்கவாட்டில் கொத்தும், நீர் சிந்தும், கீழே பரப்பிய உமி நனையும். இரத்தக்கழிச்சல் கிருமிக்கு ஈர உமிதான் வேண்டும்.

வளர்ந்த கோழி ஒன்று நாளைக்குச் சுமார் கால் லீற்றர் குடிக்கும். சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் அது இரண்டு மடங்காகலாம். பதினைந்துக்கு 8 லீற்றர் வரை கணக்கு வையுங்கள். வாளியும் பைப்பும் நிழலில் இருக்கட்டும். வெயிலில் சுட்ட நீரைக் கோழி தொடாது. நிறைந்த வாளியைப் பார்த்து ஏமாறாமல், தினமும் காலையில் ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் தட்டிப் பாருங்கள். எல்லாக் கோழியும் பழகும்வரை பழைய சட்டியை எடுக்க வேண்டாம்.

கேள்வி: தட்டில் கவிழ்த்து வைத்த போத்தலிலிருந்து நீர் வழிந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. வாய்ப்பக்கத்தில் மட்டுமல்ல, கவிழ்த்தபின் மேலே வரும் போத்தலின் அடியிலும் துளை போட்டிருக்கிறேன்.
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: அந்தத் துளைதான் காரணம். வாளி முறைக்குக் காற்று வேண்டும். கவிழ்த்த போத்தலுக்குள் மேலிருந்து காற்று புகவே கூடாது. தட்டில் நீர் குறைந்து வாய்ப்பக்கத் துளை வெளியே தெரியும்போது மட்டும் ஒரு குமிழ் ஏறி, அளவாக நீர் இறங்கும். அடித்துளையை அடைப்பதைவிட வேறு போத்தல் எடுப்பது நல்லது. மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வழியும். வாய்ப்பக்கத் துளை தட்டின் விளிம்புக்கு 2 சென்ரிமீற்றர் கீழே இருக்கட்டும். ஒளி ஊடுருவாத போத்தலாகப் பாருங்கள், பாசி பிடிக்காது.