வெயில் சுட்ட முகத்துக்கு மெடிக்கல் கடை டியூப் வேண்டாம்

கேள்வி: சித்திரை பிறந்த வாரத்தில் உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். நேர்த்திக்கடனுக்குக் கடல்மண் சுமந்த பிறகு, 19 வயது மகள் மதியம் வரை கடலில் குளித்தாள். அன்று இரவே முகமும் கழுத்தும் தோளும் சிவந்து எரிந்தன. மறுநாள் தோளில் கொப்புளம் வந்தது. மெடிக்கல் கடையில் கொடுத்த டியூபைத் தடவியதும் மூன்று நாளில் குறைந்தது. முகம் வெளுப்பாகவும் ஆனதால் ஐந்து வாரமாகத் தினமும் தடவுகிறாள். இரண்டு நாள் விட்டால் முகம் சிவந்து, எரிந்து, பொடிக்குரு வருகிறது. கூட வந்த பிள்ளைகளுக்கு எதுவும் ஆகவில்லை. இவள் மட்டும் அப்போது பருவுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெயில் சூடு இன்னும் உள்ளே தங்கியிருக்கிறதா? வைகாசி விசாகத்துக்கு அவளைத் திருச்செந்தூர் அழைத்துப் போகலாமா? (ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி)

பதில்: அம்மா, உங்கள் மகளின் தோலுக்குள் வெயில் சூடு எதுவும் தங்கியிருக்கவில்லை. வெயில் சுட்ட தோல் சில மணி நேரத்தில் சிவக்கத் தொடங்கி, ஒரு நாளுக்குள் எரிச்சலின் உச்சத்தைத் தொட்டு, நாலைந்து நாளில் உரிய ஆரம்பித்து, பெரும்பாலும் பத்து நாளுக்குள் ஆறிவிடும். மூன்றாம் நாள் எரிச்சல் குறைந்தது தோலின் வேலை. அந்தப் பெருமையை டியூப் எடுத்துக்கொண்டது. ஐந்தாவது வாரத்திலும் முகம் எரிகிறது என்றால், காரணம் வெயிலைவிட அந்த டியூபாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

டியூபின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். க்ளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு, அதாவது தோலின் சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் வீரியமான மருந்து. கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்று இருந்தால், கருந்திட்டுகளுக்காக மருத்துவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எழுதித் தரும் கலவை மருந்தைச் சிவப்பழகு கிரீமாக விற்றிருக்கிறார்கள் என்று பொருள். ட்ரெட்டினாயின் தடவிய தோலை வெயில் இன்னும் எளிதாகச் சுடும். ஸ்டீராய்டு முதலில் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் சிவப்பு மறைந்து முகம் வெளுத்தாற்போல் தெரியும். வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, பரு பெருகி, கன்னத்தில் பூனைமுடி வளரும். நிறுத்தியதும் சுருங்கிய குழாய்கள் விரிவதால் முகம் பொங்கும். பொங்குகிறதே என்று மறுபடியும் தடவுவார்கள். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட பெண்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். சென்ற மாதம் வந்த ஒருவர் தம் கைப்பையிலிருந்து ஏழு டியூப்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஏழும் கடைசிவரை உருட்டிப் பிழியப்பட்டிருந்தன. ஒன்றுக்கும் மருத்துவர் சீட்டு இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அவருடைய கன்னத்தில் அருகம்புல் வேர்போல் சிவப்பு நரம்புகள் ஓடின.

மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களை மத்திய அரசு 2018-லேயே சேர்த்துவிட்டது. பெட்டியின் மேல் மருத்துவர் சீட்டு தேவை என்பதைக் காட்டும் ஆர்எக்ஸ் (Rx) என்ற குறியும் எச்சரிக்கையும் இருக்கும். ஆனால் அந்த எச்சரிக்கை எறும்பு அளவு ஆங்கில எழுத்தில் இருப்பதால், அது யாரைக் காக்க வேண்டுமோ அவருக்கு எட்டுவதில்லை. சில கடைகளில் பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு டியூபை மட்டும் காகித உறையில் போட்டுத் தருகிறார்கள், பில்லும் தருவதில்லை. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் கடைக்காரர் தைரியமாக விற்கிறார் என்றால், யாரும் வந்து கேட்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இது எனக்குக் கோபம் தரும் விஷயம், அதை மறைக்க விரும்பவில்லை. 'டாக்டர் எழுதுவதும் இதைத்தான்' என்று கவுண்டரில் நிற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த டியூபை விற்க விரும்புகிறவரின் பேச்சு அது.

இப்போது செய்ய வேண்டியது: இந்த வாரமே தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஒரேயடியாக நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை முகத்தை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். சரியாவதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். நடுவில் முகம் பொங்கினால் பயந்துபோய் பழைய டியூபைத் தேட வேண்டாம். எலுமிச்சைச் சாறு தேய்த்தால் கருப்பு போகும் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அந்தச் சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் தோல் வெந்து, கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

கூட வந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்ட பரு மாத்திரைதான் என் கவனத்தை நிறுத்தியது. பருவுக்குப் பரவலாகத் தரப்படும் டாக்சிசைக்ளின், தோலை வெயிலுக்குக் கூச்சப்பட வைக்கும் மருந்து. மற்றவர்களுக்கு வெறும் கருப்பேற்றிவிட்டுப் போகும் அதே வெயில், அதைச் சாப்பிடுகிறவருக்குக் கொப்புளமே வரவைத்துவிடும். நம் ஊர்த் தோலுக்கு வெயில் பெரிதாக ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் சொல்வதில் ஓரளவு உண்மை இருந்தாலும், இந்த மாத்திரையை விழுங்கியவருக்கு அந்தச் சமாதானம் செல்லாது. மாத்திரை அட்டையைப் பாருங்கள். டாக்சிசைக்ளின் என்று இருந்தால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கொப்புளம் வந்ததைச் சொல்லி, தொடரலாமா என்று கேளுங்கள். மாத்திரையை எழுதும்போதே 'இதைச் சாப்பிடும் நாட்களில் வெயிலில் நிற்காதே' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் உங்கள் மகளுக்கு இது நேர்ந்திருக்காது. ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்காத எங்கள் தொழிலின் அவசரத்தையும் நான் இங்கே குற்றம் சொல்லத்தான் வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரையும் இதே தன்மை உடையது. ஆகவே உடன் வரும் பெரியவர்களின் மாத்திரை அட்டையையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

திருச்செந்தூர் போகலாம், நேரத்தைப் பார்த்துப் போங்கள். நம் பகுதியில் ஏப்ரல் 12, 13 தேதிகளை ஒட்டிச் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. உச்சிப்பொழுது சுமார் 12.20. நீங்கள் உவரியில் நின்றது ஏறக்குறைய அந்த நாட்களில்தான். வைகாசியிலும் வெயிலின் கடுமை அதிகம் குறைவதில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் வரை அது சுடும் வெயில். கடற்காற்று குளிர்ச்சியாக இருப்பதால் எரிச்சல் தெரியாது. மணலும் நுரையும் ஒளியைத் திருப்பி அடிக்கும். அரை மீட்டர் ஆழத் தண்ணீருக்குள்ளும், தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் பாதியளவுக்கு நெருங்கி இறங்கும். ஆகவே காலை எட்டரை மணிக்குள் கடலாடிவிட்டுக் கரையேறுங்கள். நனைந்த மெல்லிய பருத்தித் துணி வெயிலை உள்ளே விடும் என்பதால், குளித்ததும் உலர்ந்த முழுக்கைச் சட்டை மாற்றட்டும். குடையும் கையில் இருக்கட்டும்.

சன்ஸ்க்ரீனை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வாசனை சேர்க்காத, ஜிங்க் ஆக்சைடு உள்ள, வெயிலைத் தடுக்கும் திறனைக் காட்டும் எஸ்.பி.எஃப். (SPF) எண் 30-க்குக் குறையாத ஒன்று அவள் தோலுக்கு ஏற்றதாக இருக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் தடவ வேண்டும். குளித்ததும் மறுபடியும், வெளியில் இருக்கும்வரை இரண்டு மணிக்கு ஒருமுறையும் தடவ வேண்டும்.

யாருக்காவது மறுபடி வெயில் சுட்டுவிட்டால், ஐஸ் வைக்காமல், சாதாரணக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 10, 15 நிமிடம் போட்டு எடுங்கள். பிறகு கேலமைன் லோஷன் தடவலாம். கற்றாழை வைப்பதானால் மடலை நறுக்கிச் சற்று நேரம் நிறுத்தி, மஞ்சள் பால் வடிந்த பிறகு உள்ளிருக்கும் சோற்றைக் கழுவிப் பூசுங்கள். அந்தப் பால் பட்டால் தோல் அரிக்கும். பற்பசை, நெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். நீர்மோரோ தண்ணீரோ நிறையக் குடிக்கட்டும். காய்ச்சல், குளிர்நடுக்கம், வாந்தி, தலைசுற்றல் இருந்தாலோ, முதுகு முழுக்கக் கொப்புளம் பரவினாலோ வீட்டு வைத்தியத்தை விட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்த டியூபையும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். டியூப் காலியாகிவிட்டிருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். அதன் மேலிருக்கும் பெயரைப் படித்த பிறகுதான் அவரால் சிகிச்சையைத் தொடங்க முடியும்.