எரிக்கப்பட்ட கொலையாளி: ஷிஷியோ பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ‘ரூரோனி கென்ஷின்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் கியோட்டோ பகுதியை அண்மையில் பார்த்து முடித்தேன். ஷிஷியோ மகோட்டோவைக் கொலைத்தொழிலில் இறக்கியவர்களும், காரியம் முடிந்ததும் அவனைக் கொன்று எரிக்கப் பார்த்தவர்களும் ஒரே கூட்டத்தார்தாம். அப்படியிருக்க, அவனை வில்லன் என்பது எப்படி நியாயமாகும், ஐயா?

பதில்: உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஷோகுன் என்ற படைத்தலைவரின் ஆட்சியைக் கவிழ்க்கப் போராடியவர்களுக்காக மறைவில் ஆட்களைக் கொன்றுவந்த கதாநாயகன் கென்ஷின் அந்த வேலையிலிருந்து விலக, அவன் இடத்துக்கு வந்தவன் ஷிஷியோ. யார் சொல்லி யாரைக் கொன்றான் என்பது வெளியே வந்தால் புதிய மெய்ஜி அரசின் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி, தங்களுக்காக வாளேந்தியவனுக்கே தீ வைத்தவர்கள் செய்தது பச்சைத் துரோகம்.

ஆனால் அவன் வாய்மொழியையும் கவனியுங்கள். ஷிங்கெட்சு கிராமத்தில் கென்ஷினைச் சந்திக்கும்போது, தான் பழிவாங்க வரவில்லை என்று அவனே மறுத்துவிடுகிறான். நம்பினால் காட்டிக்கொடுக்கப்படுவாய், அயர்ந்தால் சாவாய், சாகுமுன் கொன்றுவிடு என்பதே அந்தத் தீயில் அவன் கற்ற பாடம். வலியவன் வாழ்வான், எளியவன் மாய்வான் என்ற கொள்கையால் ஜப்பானையே ஆள நினைக்கிறான். தன் காயத்தைக் காட்டி இரக்கம் கேட்காத வில்லன் என்பதால் அவனிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அதே காரணத்தால், அவனுக்காக அந்தக் காயத்தை நாம் சாட்சிக்கு அழைக்கவும் முடியாது.

டோக்கியோவைத் தாக்க அவன் வாங்கிவைத்த இரும்புக் கப்பலைவிட, செத்தா சோஜிரோ என்ற சிறுவனுக்குச் செய்ததையே அவனுடைய பெருங்குற்றமாக நான் கருதுகிறேன். அரிசி வணிகர் வீட்டில் அடியும் உதையும் வாங்கிக்கொண்டு, அழுதால் இன்னும் அடிப்பார்கள் என்று சிரிக்கப் பழகிய பிள்ளை அவன். உடலெல்லாம் வெந்து ஒளிந்திருந்த ஷிஷியோவுக்குச் சோறும் கட்டுத்துணியும் கொண்டுவந்து கொடுத்தான். அந்தக் கைக்கு ஷிஷியோ திருப்பிக் கொடுத்தது ஒரு குறுவாளும் தன் கொள்கையும். மழை பெய்த இரவொன்றில் அந்த வீட்டார் அனைவரும் சிறுவனின் கையால் மாண்டார்கள். துரோகத்துக்கு ஆளானவன் என்ற நிலை மாறி, இன்னொரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தவனாக ஷிஷியோ நிற்கும் இடம் அது. பின்னாளில் ஷிஷியோவின் ஆளாக வளர்ந்த சோஜிரோ கென்ஷினிடம் தோற்று, அப்படியென்றால் உன் பக்கம்தான் சரியா என்று கேட்கிறான். ஓரிரு சண்டையில் உண்மை தெரிந்துவிடுமானால் மனிதர் எவரும் வழிதவறமாட்டார் என்ற பொருள்பட கென்ஷின் விடை சொல்கிறான். வென்றவன் சொல்வதே சரி என்று கென்ஷின் அங்கே சொல்லியிருந்தால், வாள் தோற்றாலும் ஷிஷியோவின் கொள்கை வென்றிருக்கும்.

கேள்வி: ஜப்பானிய வரலாற்றில் ஷிஷியோ என்று உண்மையில் ஒருவர் இருந்தாரா?

பதில்: இல்லை. அவன் முழுக்கக் கற்பனை. ஆனால் ‘ஹிட்டோகிரி’, அதாவது ஆளை வெட்டுபவர் என்று பெயரெடுத்த கொலையாளிகள் ஷோகுன் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் இருந்தார்கள். நால்வர் பெயர் இன்றும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. தனாகா ஷின்பெய் 1863இல் ஒரு கொலைவழக்கில் பிடிபட்டு, காவலில் இருந்தபடியே தற்கொலை செய்துகொண்டார். ஒகாடா இஸோவுக்கு 1865இல் அவருடைய சொந்தத் தோசா நாட்டாரே மரண தண்டனை நிறைவேற்றினார்கள். கிரினோ தோஷியாகி புதிய அரசில் படை அதிகாரியாக உயர்ந்து, பின்பு அதே அரசை எதிர்த்த சத்சுமா கிளர்ச்சியில் 1877இல் மடிந்தார்.

நான்காமவர் கவாகாமி கென்சாய். 1864இல் சகுமா ஷோசான் என்ற அறிஞரைக் கியோட்டோவில் வெட்டிக் கொன்றவர் இவர். கென்ஷின் பாத்திரத்துக்கு முன்மாதிரியும் இவரே. வெளிநாட்டாரை விரட்டுவதாகச் சொல்லி ஆட்சியைப் பிடித்தவர்கள் அந்நியருக்குக் கதவைத் திறந்துவிட்டதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. 1872 தொடக்கத்தில் மெய்ஜி அரசே அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. இதைத் தெரிந்துகொண்டு தொடரை மறுபடி பார்த்தால் மனம் கனக்கிறது. கென்ஷினுக்கு முன்மாதிரியானவர் சந்தித்த முடிவு கதையில் கென்ஷினுக்கு நேரவில்லை. தன் பக்கத்தாராலேயே ஒழிக்கப்படும் அந்த விதி ஷிஷியோவின் தலையில் விழுகிறது. தழும்போடு ஊர் ஊராகத் திரிந்து அன்பான ஒரு வீட்டை அடைகிற கென்ஷின் நம் ஆசைக்கு நெருக்கமானவன் என்றால், கட்டுத்துணிக்குள் வேகிற ஷிஷியோ வரலாற்றுக்கு நெருக்கமானவன்.

கேள்வி: பதினைந்து நிமிடங்களுக்கு மேல் அவனால் சண்டையிட முடியாது என்கிறார்களே, அது மருத்துவப்படி சரியா?

பதில்: அடிப்படை சரியானது. ஆழமான தீக்காயம் வியர்வைச் சுரப்பிகளை அழித்துவிடும். உடலின் பெரும்பகுதி அப்படி வெந்தவரால் வியர்த்து வெப்பத்தைத் தணித்துக்கொள்ள இயலாது, கடும் உழைப்பு அவருக்கு ஆபத்தாகும். அந்த நிமிடக்கணக்கும், வெட்டுண்டவர்களின் கொழுப்பேறிய வாள் தீப்பற்றுவதும், இறுதியில் அவன் உடலே தானாகப் பற்றி எரிவதும் கதைக்காகச் சேர்த்தவை.

கேள்வி: தன் காதலி யூமியின் உடலைத் துளைத்துக்கொண்டு கென்ஷினைக் குத்துகிறானே, அவளை அவன் நேசிக்கவே இல்லையா?

பதில்: நேசித்தான் என்றே நான் நினைக்கிறேன். அதை ஏற்றுக்கொள்ள யூமியின் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். 1872இல் மரியா லூஸ் என்ற பெரு நாட்டுக் கப்பல் யோகோஹாமாவுக்கு வந்தபோது, அதில் அடிமைகள்போல் ஏற்றிச்செல்லப்பட்ட சீனத் தொழிலாளர்களை ஜப்பான் விடுவித்தது. உங்கள் நாட்டிலேயே பெண்களை விற்கிறீர்களே என்ற வாதம் அந்த வழக்கில் எழுந்தது. அதே ஆண்டில் விலைமாதரை விடுவிக்கும் ஆணை வந்தது. ஆனால் அதையொட்டி அவர்களின் கடனைத் தள்ளிய உத்தரவு, மனித உரிமையை இழந்த அப்பெண்கள் மாடு குதிரைக்கு ஒப்பானவர்கள், மாட்டிடம் யாரும் கடனைத் திருப்பிக் கேட்பதில்லை என்று காரணம் சொன்னது. விடுதலை கொடுக்கும்போதே கால்நடை என்று எழுதிய அரசை, முன்னாள் கணிகையான யூமி வெறுத்தாள்.

சண்டையில் உதவ முடியாதவளாக, பார்த்துக்கொண்டு நிற்பவளாகவே அவள் அவனோடு இருந்தாள். அந்த ஒரு குத்தில் அவன் போரில் தனக்கும் பங்கு கிடைத்தது என்று மகிழ்ந்தே உயிர்விடுகிறாள். கென்ஷின் அதைத் துரோகம் என்று கொதிக்கிறான். தன்னை எல்லாரையும்விட அறிந்தவள் அவள்தான் என்று ஷிஷியோ மறுக்கிறான். இருவர் சொல்வதும் உண்மையாகத் தோன்றுவதால்தான் அந்தக் காட்சியை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. அவள் மனம் மகிழ்ந்ததால் அவன் செய்தது கொலை இல்லை என்றாகாது. என்றாலும் அவன் எரிந்து முடிந்தபின், நரகத்தின் மண்டையோட்டுக் குவியலின்மேல் அவன் அமர்ந்திருக்கும் காட்சியில், முகத்தில் எந்தக் கசப்பும் இல்லாமல் யூமி அவன் பக்கத்திலேயே இருக்கிறாள்.