தெருவிளக்குப் புகார்: வாடகைக்கு இருப்பவர் கொடுக்கலாமா?

வணக்கம். குடிவந்து கொஞ்ச நாள்தான், வாடகை வீடு வேறு, தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுத்தால் அக்கம்பக்கத்தார் தப்பாக நினைப்பார்களோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கொடுங்கள். அந்த இருட்டில் நடக்கிற எவரும் கேட்கலாம்.

முதலில் பக்கத்து வீட்டில், "ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா?" என்று விசாரியுங்கள். தகவலும் கிடைக்கும், அறிமுகமும் ஆகிவிடும். புகாரைவிட இதுதான் பெரிய லாபம் என்பேன். கம்பத்தில் எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வெறுமனே "எங்கள் தெருவில்" என்று எழுதினால், பழுதுபார்க்க வருபவர் எந்தக் கம்பம் என்று தேடி அலைவார். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை விசாரிக்க அதுதான் பிடி.

அப்படியே வாக்காளர் பட்டியலிலும் முகவரியை மாற்றிவிடுங்கள். தேர்தல் நெருங்கியபின் ஓடினால் பெரும்பாலும் காலக்கெடு முடிந்திருக்கும்.