மூன்று சுவர் போதும்

கேள்வி: சமகாலக் கலைக்கூடங்களின் படங்களைப் பார்க்கிறேன். வெளியே கண்ணாடிப் பெட்டி, உள்ளே பூசாத கான்கிரீட். ஓவியம் மாட்ட நாலு சுவர் போதாதா? இதற்குப் பெரிய கட்டடக் கலைஞர் எதற்கு?

பதில்: நாலுகூட வேண்டாம், மூன்று போதும். ஆஸ்திரியாவில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள பிரெகென்ஸ் கலைக்கூடத்தின் தளங்களைத் தாங்கி நிற்பவை மூன்றே கான்கிரீட் சுவர்கள்தான். பீட்டர் சும்தோர் வடிவமைத்தது, 1997-இல் திறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நீங்கள் சொல்கிற அதே கண்ணாடிப் பெட்டி. சரி, அந்தக் கண்ணாடி அங்கே என்ன வேலை செய்கிறது?

மேல்தளக் கூடங்களில் ஜன்னலே கிடையாது. ஆனாலும் பகல் வெளிச்சம் உள்ளே வருகிறது. ஒவ்வொரு கூடத்தின் கண்ணாடிக் கூரைக்கும் அதற்கு மேலே உள்ள தளத்துக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். மங்கலாக்கிய வெளிக்கண்ணாடி வழியே பக்கவாட்டில் நுழையும் வெளிச்சம், அந்த இடைவெளியில் பரவி, கூரைக் கண்ணாடி வழியே மெல்ல இறங்குகிறது. படத்தின் மேல் வெயில் நேராகப் படாது. ஆனால் வெளியே மேகம் மூடினால் உள்ளே இருப்பவருக்கும் தெரியும். சாம்பல் சுவரே கொஞ்சம் நிறம் மாறும்.

பூசாத கான்கிரீட்டுக்கும் காரணம் இருக்கிறது. சுவரிலும் தரையிலும் குழாய்களைப் பதித்து, தண்ணீரை ஓட விட்டிருக்கிறார்கள். கூடத்தின் வெப்பத்தைச் சீராக வைத்திருப்பதில் பெரும்பங்கு அந்தச் சுவருக்குத்தான். அதை மூடி மறைத்தால் வேலை கெடும்.

சுவர் என்பது சாதாரண விஷயம் இல்லை. நியூயார்க்கில் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த குகன்ஹைம் கலைக்கூடம் 1959-இல் திறந்தது. சுருண்டு ஏறும் சரிவுப் பாதை, வெளிப்பக்கம் சாய்ந்த சுவர். வரையும்போது தாங்கியில் சாய்த்து வைப்பதுபோல் படம் இருக்கட்டும் என்பது ரைட்டின் எண்ணம். அது திறப்பதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பே, 1956-இல், இந்த உள்ளமைப்பு ஓவியங்களைக் காட்டப் பொருந்தாது என்று 21 ஓவியர்கள் கையெழுத்துப் போட்டு எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். கட்டடமாக அது அற்புதம், நான் மறுக்கவே இல்லை. ஆனால் நியாயம் ஓவியர்கள் பக்கம்தான். தரை சரிந்திருந்தால், நேராக மாட்டிய படம்கூடக் கண்ணுக்குக் கோணலாகப்படும்.

அடுத்த முறை ஒரு கலைக்கூடத்துக்குள் போனால், முதலில் அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் எந்த வழியாக வருகிறது என்று தேடுங்கள். முகப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.