பெருவெடிப்பு கடவுளுக்குச் சான்றாகுமா?

பிரபஞ்சத்தைக் கடவுள் படைத்தாரா, அது இயற்கையாகத் தோன்றியதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இறைநம்பிக்கை உள்ளவன். ஆயினும், பிரபஞ்சம் மிகச் செறிந்த ஒரு நிலையிலிருந்து விரியத் தொடங்கியது என்னும் பெருவெடிப்புக் கோட்பாட்டைக் காட்டி, "தொடக்கம் ஒன்று இருந்ததால் தொடக்கி வைத்தவனும் இருந்தே ஆக வேண்டும்" என்று வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கோட்பாட்டுக்கு வித்திட்டவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அவரும் இந்த வாதத்தை ஏற்கவில்லை.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமைத்ர் 1923இல் குருப்பட்டம் பெற்றவர். லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர். விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகுவதற்குப் பிரபஞ்சம் விரிவடைவதே காரணம் என்று ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக்கொண்டு 1927இல் அவர் காட்டினார். 1931இல் அந்த விரிவைக் காலத்தில் பின்னோக்கிக் கொண்டுசென்று, அனைத்தும் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றார். இருபது ஆண்டுகள் கழித்து, 1951 நவம்பரில், திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பயஸ் வத்திக்கானின் திருப்பீட அறிவியல் கழகத்தில் பேசும்போது, "ஒளி தோன்றுக" என்று விவிலியம் சொல்லும் இறைவனின் ஆதிக் கட்டளைக்கு இன்றைய அறிவியல் சாட்சி பகர்வதாகக் கூறினார். லெமைத்ர் இதனால் மகிழவில்லை, கவலையுற்றார். தமது கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்பது என்றும், கடவுளை மறுப்பவருக்கும் அது முழு உரிமை தருகிறது என்றும் 1958இல் இயற்பியலாளர்கள் கூடிய சால்வே மாநாட்டில் தெளிவாகவே சொன்னார்.

அந்தக் கவலை நியாயமானது. 1951இல் பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற வானியலாளர் ஃபிரெட் ஹாயிலின் நிலைக் கோட்பாடும் அறிஞர்களிடையே வலுவாக இருந்தது. பென்சியாஸும் வில்சனும் 1964இல் கண்டறிந்த, ஆதி வெப்பத்தின் எச்சமாக விண்ணெங்கும் பரவியிருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சுதான் வழக்கைப் பெருவெடிப்பின் பக்கம் திருப்பியது. தீர்ப்பு மறுபக்கம் சாய்ந்திருந்தால், இறைவனை அந்தக் கோட்பாட்டின்மேல் நிறுத்தியவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், தொடக்கத்தின் முதல் சில நிமிடங்களில், சாதாரணப் பருப்பொருளில் நிறைப்படி நான்கில் ஒரு பங்கு ஹீலியமாக மாறியதை இயற்பியல் கணக்கிட்டுச் சொல்கிறது. விண்ணில் நாம் அளப்பதும் அதனோடு ஒத்துப்போகிறது. அங்கிருந்து விண்மீன்களும் கோள்களும் உருவான கதையில் இறைவன் வந்து கைவைக்க வேண்டிய இடம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. அந்தப் பகுதிக்கு "இயற்கையாக" என்பதே சரியான பதில். ஆனால், மிகத் தொடக்கக் கணத்துக்கு நெருங்கும்போது ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு பொருந்தாமல் போய்விடுகிறது. "ஒன்றுமில்லாமையிலிருந்து தானே தோன்றியது" என்போர் பெரும்பாலும் குவாண்டம் வெற்றிடத்தையே குறிக்கிறார்கள். புலங்களும் விதிகளும் உள்ள அதை ஒன்றுமில்லாமை என்பது பொருந்தாது.

"படைத்தல்" என்றவுடன் சூனியத்திலிருந்து உண்டாக்குவதையே நாம் நினைத்துக்கொள்கிறோம். சைவ சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. இல்லது வாராது, உள்ளது போகாது என்பது அதன் அடிப்படை. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பதுபோல, உலகுக்கு மூலப்பொருளான மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம் என்கிறது. அந்த மாயையும் இறைவனைப் போலவே அநாதி. ஆகவே, பெருவெடிப்புக்கு முன்னும் ஏதோ இருந்தது என்று நாளை நிறுவப்பட்டாலும் சித்தாந்திக்கு அதனால் அதிர்ச்சி இல்லை. இதே தமிழ் மண்ணில் வாழ்ந்த சமணரோ, உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதையே ஒப்பவில்லை. அதனால் அவர்களுடைய அறநெறி குன்றிவிடவும் இல்லை.

பருப்பொருள் ஏன் இருக்கிறது, இருப்பது ஏன் கணிதத்துக்கு இவ்வளவு கட்டுப்படுகிறது என்னும் கேள்விகள்தான் என்னை இறைவனிடம் கொண்டுசேர்க்கின்றன. அவற்றைச் சான்று என்று யாரிடமும் நான் நீட்டமாட்டேன். அதே வியப்பை உணர்ந்து, அதற்குப் பின்னால் யாரும் இல்லை என்று முடிவுசெய்பவரை இயற்பியலைக் கொண்டு என்னால் மறுக்க முடியாது. அவராலும் என்னை அதைக் கொண்டு மறுக்க முடியாது.